பட்டியலில் கடல் இறால், கூடையில் வனாமி

வணக்கம் ஐயா. மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரி பண்ணைக் குளங்களில் வளர்க்கும் வனாமி இறாலைத்தான் தருகிறார், உங்கள் உணவகப் பட்டியலிலோ ‘கடல் இறால் வறுவல்’ என்று இருக்கிறது, மாற்றினால் வாடிக்கையாளர் குறைவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் மாற்றிவிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறிதளவு இறால் எல்லா உணவகங்களுக்கும் எட்டாது என்பது சாப்பிட வருபவர்களில் பலருக்கும் தெரியும். நன்றாக வளர்த்த வனாமியை அதன் பெயரிலேயே விற்பதில் எந்தக் குறைவும் இல்லை.

உரித்த இறாலை மட்டும் வாங்காதீர்கள். தலையும் ஓடும் போனபின் இனத்தைக் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். தரம்பிரிக்காத கூடையில் கைவிட்டு அள்ளிப் பாருங்கள்: எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது பெரும்பாலும் குளத்து அறுவடை. உடலில் கருவரிகள் இருப்பதாலேயே கடலில் பிடித்தது என்று நம்பிவிடவும் வேண்டாம், ஏனெனில் புலி இறாலையும் பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

ரசீதில் இனத்தையும், பண்ணையா கடலா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் வியாபாரியை விட்டுவிடுவதே நல்லது. அச்சிட்ட பட்டியலில் ‘இறால் வறுவல்’ என்று மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைய வரவு எது என்பதை வாசல் கரும்பலகையில் நாள்தோறும் எழுதி வையுங்கள்.