கட்டிலில் தூவிய இலந்தை

கேள்வி: பினாங்கில் என் சீனத் தோழியின் மகனுக்குத் திருமணம். மூன்று நாள் முன்னதாகப் போயிருந்தேன். சிவப்பு விரிப்பிட்ட புதுக் கட்டிலில் பேரீச்சம்பழம், நிலக்கடலை எல்லாம் தூவியிருந்தார்கள். களைப்பில் அதன் ஓரத்தில் உட்காரப் போன என்னைத் தோழி சட்டென்று கையைப் பிடித்து நிறுத்தி, நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் கணவரை இழந்தவள். அதனால்தான் தடுத்தாளோ என்ற எண்ணம் மனத்தை அரிக்கிறது. அது என்ன சடங்கு?
– வாசகி ஒருவர், பினாங்கு

பதில்: சகோதரி, அந்தக் கட்டிலில் நீங்கள் மட்டுமல்ல, யாருமே உட்காரக் கூடாது. சீனப் பஞ்சாங்கத்தில் நல்ல நாளும் நேரமும் பார்த்து, திருமணத்துக்குச் சில நாள் முன்னதாகக் கட்டிலை அதற்குரிய இடத்தில் நிறுத்திப் புது விரிப்பு விரிப்பதை மாண்டரின் மொழியில் ‘ஆன் சுவாங்’, அதாவது கட்டிலை அமர்த்துதல் என்பார்கள். அதன் பிறகு மணமக்கள் வரும்வரை அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மணமகன் தனியாகப் படுத்தால்கூட மறுபாதி வெறுமையாகக் கிடப்பது துணையின் இழப்பைக் குறிக்கும் என்று அஞ்சி, படுத்தே தீர வேண்டுமென்றால் ஒரு சிறுவனைத் துணைக்குப் படுக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விரிப்பை விரிக்க, கணவனும் பிள்ளைகளும் நலமாக இருக்கும் ‘நல்விதி வாய்த்த’ பெண்ணையே மரபுப்படி அழைக்கிறார்கள். இழப்பைச் சந்தித்தவர்களை இப்படி ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் எந்தச் சமூகத்தில் இருந்தாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. எனினும், உங்களை உட்கார விடாததற்குக் காரணம் அதுவன்று என்றே நம்புகிறேன்.

நீங்கள் பேரீச்சை என்று எழுதியிருப்பது பெரும்பாலும் நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்த, உலர்த்திய சீனப் பழமாக இருக்கும். சுருங்கிய செந்நிறத் தோலும் உள்ளே ஒற்றைக் கொட்டையும் உடைய அப்பழத்தோடு நிலக்கடலை, லோங்கான் என்னும் பழம், தாமரை விதை ஆகியவற்றையும் சேர்ப்பார்கள். இந்த நான்கின் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் அசையை எடுத்து வரிசையாகச் சொன்னால், ‘ஸாவ் ஷெங் குய் ஸு’, அதாவது ‘விரைவில் சீர்மிகு பிள்ளை பிறக்கட்டும்’ என்று காதில் விழும். எனவே கட்டிலில் நீங்கள் பார்த்தது பழங்களால் எழுதிய ஒரு வாழ்த்து. சீனாவின் காய்ஃபெங் நகர வாழ்க்கையை விவரிக்கும் 12-ஆம் நூற்றாண்டு நூலொன்றிலேயே, கட்டிலில் அமர்ந்த மணமக்கள் மீது பெண்கள் காசுகளையும் பழங்களையும் தூவும் காட்சி வருகிறது.

யாரும் உட்காரக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு: கட்டிலில் முதலில் ஏறும் உரிமை குழந்தைகளுக்குத்தான். உங்கள் பினாங்கின் பாபா நியோன்யா குடும்பங்களில், அதாவது மலாய்ப் பண்பாட்டோடு கலந்த பழைய சீனக் குடிகளின் வழிவந்த குடும்பங்களில், மரபுப்படி ஒரு சிறுவனை அதில் மூன்று முறை உருளச் செய்வார்கள். சில வீடுகளில் கட்டிலை அமர்த்தும் நாளிலேயும், சில வீடுகளில் திருமண நாளன்றும் பிள்ளைகளைக் கட்டிலில் ஏற விடுவார்கள். அவர்கள் பழங்களையும் கடலையையும் போட்டி போட்டு அள்ளிக்கொள்வார்கள். தோழி உங்களையும் அதைப் பார்க்க அழைத்தால், தயங்காமல் போய் வாருங்கள்.