தோட்டக் குளத்து அருவிக்கு எந்த மோட்டார் வாங்கலாம்?

8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குளம். 4 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழவேண்டும், விழும் விளிம்பு 1 அடி அகலம். கடையில் அரை எச்.பி. மோனோபிளாக் போதும் என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். உங்களுக்கு உயரம் கொஞ்சம்தான், தண்ணீர்தான் நிறைய வேண்டும். அரை எச்.பி. என்றால் குறைந்தது 373 வாட். இரவும் பகலும் ஓடினால் ஒரு பில்லுக்கு, அதாவது இரண்டு மாதத்துக்கு, 540 யூனிட்டைத் தாண்டிவிடும். தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடும் 100 வாட் குளத்து பம்ப் என்றால் 150 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். எண்ணெய் இல்லாத வகையாகக் கேளுங்கள். எண்ணெய் கசிந்தால் மீன்கள் செத்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? விளிம்பில் ஓர் அங்குலத்துக்கு மணிக்குச் சுமார் 400 லிட்டர் விட்டால் தண்ணீர் அறுபடாமல் தகடு போல இறங்கும். உங்கள் 12 அங்குலத்துக்கு 4,800 லிட்டர். வாங்குவதற்கு முன்பே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் இழுத்து தண்ணீர் விழப்போகும் விளிம்புக் கல்லின் மேல் விடுங்கள். திருப்தியாக விழும்போது அதே ஹோஸை 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 15 விநாடியில் வாளி நிறைந்தால் அதுதான் 4,800. ஒரு ஹோஸ் போதாவிட்டால் இரண்டு விடுங்கள். குற்றாலம் பார்த்து வளர்ந்த நமக்கு நூல் மாதிரி ஒழுகினால் மனசு ஆறாது, அதனால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, பெட்டி மேல் உள்ள எண்கள். ‘அதிகபட்சம் 5,000 லிட்டர், 3 மீட்டர்’ என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 5,000 என்பது உயரமே இல்லாதபோது வருவது. 3 மீட்டரில் ஒரு சொட்டுகூட வராது. உங்கள் 4 அடியோடு, 10 அடிக் குழாய்க்கு 1 அடி வீதம் உராய்வையும், எல்போக்களுக்கு, அதாவது குழாய் வளைவுகளுக்கு, கொஞ்சத்தையும் கூட்டினால் 6 அடி, ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அந்த 2 மீட்டரில் 5,000 லிட்டர் தருமா என்று பெட்டிக்குள் இருக்கும், எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் வரைபடத்தில் பாருங்கள். பெரும்பாலும் 9,000, 10,000 என்று போட்ட பம்ப்தான் சரிப்படும். கூடுதலாக வந்தால் வெளியேறும் குழாயில் வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். குழாய் ஒன்றரை அங்குலம் போடுங்கள், ஒரு அங்குலம் போட்டால் உராய்வு கூடித் தண்ணீர் நன்றாகக் குறைந்துவிடும்.

உங்கள் வீடு செங்கோட்டைப் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று விழுகிற தண்ணீரை வெளியே தூக்கி அடிக்கும், குளம் மெல்ல வற்றும். அப்போது பம்ப் வெறுமனே ஓடிக் கெட்டுப்போகும். அதனால் தண்ணீர் குறைந்தால் தானே நிற்கிற மிதவை சுவிட்ச் அவசியம்.

அப்புறம், எர்த் இல்லாமல், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் தண்ணீருக்குள் எந்த மோட்டாரையும் இறக்கவே வேண்டாம். மீனுக்கு இரை போடப் பிள்ளைகள் கை நனைக்கிற இடம் அது.