கோப்பு இருக்கிறது, ஆனால் ‘இல்லை’ என்கிறதே!

கேள்வி: உபுண்டுவில் கம்பைல் செய்த சி நிரலை ஆல்பைன் லினக்ஸுக்கு நகலெடுத்தேன். இரண்டும் 64 பிட் இன்டெல் செயலிதான். இயக்க அனுமதியும் கொடுத்தாயிற்று. ‘எல்எஸ்’ போட்டால் கோப்பு தெரிகிறது. ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று வருகிறது. ஏன்?

பதில்: ‘இல்லை’ என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்வது உங்கள் நிரலை அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய டைனமிக் லோடரை. ஓடும்போது நூலகங்களோடு இணையும் ஒவ்வொரு எல்ஃப் (லினக்ஸின் நிரல் கோப்பு வடிவம்) நிரலுக்குள்ளும் லோடரின் முழுப் பாதை பதிந்திருக்கும். ‘ரீட்எல்ஃப் -எல்’ கொடுத்துப் பாருங்கள்: ‘/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2’ என்று காட்டும். உபுண்டுவின் சி நூலகம் ஜிலிப்சி, ஆல்பைனுடையது மஸ்ல். அதனால் ஆல்பைனில் இருப்பதோ ‘/லிப்/எல்டி-மஸ்ல்-எக்ஸ்86_64.எஸ்ஓ.1’. தேடிய லோடரின் பெயரைப் பிழைச் செய்தி சொல்லாததால்தான் இத்தனை குழப்பமும்.

நிரல் தேடும் பெயரில் மஸ்ல் லோடருக்கு ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடலாமே என்று தோன்றும். சிறிய நிரல் ஓடிவிடலாம். ஆனால் ஜிலிப்சியில் மட்டும் உள்ள சிம்பல் (ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயர்) ஒன்றைக் கேட்கிற நிரல் அங்கேயே நின்றுவிடும். ஆல்பைனிலேயே மறுபடி கம்பைல் செய்யுங்கள். அதுதான் சரியான வழி. மூலநிரல் கையில் இல்லையென்றால், ஜிலிப்சி உள்ள டெபியன் கன்டெய்னருக்குள் (தனித்த இயங்கு சூழல்) வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: உபுண்டு 22.04-இல் கட்டிய நிரல், டெபியன் 11-இல் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்கிறது. நான் புதிய ஃபங்ஷன் எதையும் பயன்படுத்தவில்லையே?

பதில்: நீங்கள் பயன்படுத்தவில்லை, லிங்கர் (நிரலை நூலகங்களோடு இணைக்கும் கருவி) பயன்படுத்தியது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, த்ரெட் நூலகத்தை லிப்சி என்ற தன் மைய நூலகக் கோப்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதோடு, ‘மெயின்’-ஐ அழைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கும் 2.34 என்ற புதிய பதிப்பு முத்திரை விழுந்தது. அதனால் ஒரே ஒரு வரி அச்சிடும் நிரலுக்குக்கூட 2.34 வேண்டும். டெபியன் 11-இல் இருப்பது 2.31. எந்தெந்த முத்திரை கேட்கிறது என்பதை ‘ஆப்ஜ்டம்ப் -டி’ (பெரிய T) காட்டும்.

பழைய பதிப்பில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. ஆகவே நிரல் போய்ச் சேரவேண்டிய கணினிகளில் மிகப் பழையது எதுவோ, அந்தப் பதிப்பின் கன்டெய்னரில் கட்டுங்கள். புதிய லிப்சியை மட்டும் எடுத்துப் பழையதன் மேல் எழுதிவிடாதீர்கள். லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் ‘எல்எஸ்’, ‘சிபி’கூட ஓடாது, திரும்ப மாற்றவும் கையில் கருவி இருக்காது.

கேள்வி: ஸ்டேடிக்காக, அதாவது நூலகங்களையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து, இணைத்துவிட்டால் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்திலும் ஓடுமா?

பதில்: ஓடாது. லோடர் சிக்கல் தீரும், ஆனால் சிஸ்டம் கால் (கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பு) எண்கள் வேறு. 64 பிட் லினக்ஸில் 1 என்றால் ‘எழுது’. ஃப்ரீபிஎஸ்டியில் அதே 1 ‘நிரலை முடி’. ‘கேஎல்டிலோட் லினக்ஸ்64’ கொடுத்து லினக்ஸ் அடுக்கை ஏற்றுங்கள். அப்போதும் அடையாளம் தெரியாமல் மறுத்தால், ‘பிராண்ட்எல்ஃப் -டி லினக்ஸ்’ (சின்ன t) போட்டுக் கோப்புக்கு முத்திரை குத்துங்கள்.