வாய் அசைந்தால் குரலும் அங்கிருந்தே வரட்டும்

கேள்வி: ஒஹாயோவில் இருக்கிறோம். 19 வயது மகள் இந்தக் கோடையில் ஒரு டிரம் கோரில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாள். கொடி சுழற்றும் குழுவில் இருக்கிறாள், நிகழ்ச்சியின் நடுவே ஒரு சின்னப் பாட்டும் தனியாகப் பாடுகிறாள். போன வாரம் அவள் குரலை ஓர் அறையில் வைத்துப் பதிவு செய்தார்களாம். இனிமேல் கீபோர்டில் ஒருவர் கட்டையை அழுத்துவார், இவள் வாயசைத்தால் போதும் என்று பயிற்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். போனில் அழுதாள். என் கணவரோ, "சினிமாவில் எல்லோரும் வாயசைக்கத்தானே செய்கிறார்கள்" என்கிறார். எனக்கு இது ஏமாற்று மாதிரி இருக்கிறது. நானே அவர்களைக் கூப்பிட்டுப் பேசலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் அழுததில் தப்பே இல்லை. அவள் பக்கம்தான் நான். ஆனால் அந்தப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு காரணம் இருக்கும், அது புரியாமல் போய்ப் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

டிரம் கோர் என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு: பித்தளைக் கொம்புகள், முரசுகள், கொடிகள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர்கூட இருக்கும் ஓர் இளைஞர் படை, அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே வாசிப்பது. கிளாரினெட், சாக்ஸபோன் எதற்கும் இடமில்லை. 1972லிருந்து இவர்களுக்கு ஒரு தேசியப் போட்டி நடக்கிறது, இப்போது ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில். 2004 வரை மைக்குக்கே அனுமதி இல்லை. பாட வேண்டும் என்றால் வெறும் தொண்டையால் பாட வேண்டும், பாடவும் செய்தார்கள். அந்த வருஷம் மைக் வந்தது, 2009இல் சிந்தசைசரும், முன்பே பதிந்த ஒலியைக் கட்டை அழுத்தினால் ஒலிக்கவிடும் சாம்ப்ளரும் வந்தன. உங்கள் மகளின் பிரச்சினை அங்கே ஆரம்பித்தது.

இப்போது அந்த மைதானத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று யோசியுங்கள். அதன் குறுக்களவு கிட்டத்தட்ட 49 மீட்டர். ஸ்பீக்கர்கள் முன்கோட்டில், பார்வையாளர்களைப் பார்த்து நிற்கின்றன. அவள் பின்கோட்டருகே நின்று பாடினால் குரல் மைக் வழியாக அந்தக் கணமே ஸ்பீக்கருக்கு வந்துவிடும், ஆனால் அவள் தோளுக்குப் பக்கத்தில் ஊதுகிற டிரம்பட்டின் சத்தம் காற்றில்தான் வர வேண்டும், அது முன்கோட்டைத் தொட சுமார் 0.14 நொடி ஆகும். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். நிமிடத்துக்கு 180 பீட் ஓடுகிற பாட்டில் அது கிட்டத்தட்ட அரை பீட்! ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பாடியும் ஊதியும் இருக்கிறார்கள், மேலே உட்கார்ந்திருப்பவருக்கோ பாட்டு முந்தி ஓடுகிறது, கொம்பு பின்னால் இழுக்கிறது. அவள் காதில் விழுவதும் அவளைக் காப்பாற்றாது, ஸ்பீக்கர் சத்தம் எதிரே இருக்கைகளில் மோதித் திரும்பி அவளுக்கு இன்னும் தாமதமாக வரும், அதை நம்பிப் பாடினால் போச்சு. முன்னால் மரிம்பா, சைலோபோன் என்று கோலால் தட்டும் மரக்கட்டை வாத்தியங்களை வாசிக்கிற பிள்ளைகள் இதனால்தான் பின்னாலிருந்து வரும் முரசைக் காதால் கேட்டே வாசிக்கப் பழகுகிறார்கள். அவர்கள் வரிசையிலேயே நிற்கிற கீபோர்டில் அழுத்தும் குரலும் அப்படியே பொருந்திவிடும். இதோடு பஸ்ஸில் தூங்கி, பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து, பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை பார்த்து ஜூலை கடைசிக்கு வரும்போது எந்தத் தொண்டையும் கட்டிக்கொள்ளும். நூறு மதிப்பெண்ணுக்கு, ஒரு மதிப்பெண்ணின் நூறில் சில பங்குக்கெல்லாம் அடித்துக்கொள்கிற போட்டியில், பயிற்சியாளருக்கு அந்தக் கட்டையை அழுத்தத் தோன்றுவது ஆச்சரியமே இல்லை.

சரி, இவ்வளவும் தெரிந்தே நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

உங்கள் கணவர் கேட்ட சினிமா கேள்வியிலிருந்தே வருகிறேன். சினிமாவில் பாடியவர் வேறு, நடித்தவர் வேறு என்று தியேட்டரில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், பாடியவர் பெயரும் போடுவார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மைதானத்தில் பேச்சே வேறு. இந்தப் பிள்ளைகள் இங்கே, இப்போது, மூச்சு வாங்க வாங்க இதைச் செய்கிறார்கள் என்பதற்காகத்தான் ஜனம் டிக்கெட் வாங்குகிறது. ஓடிவந்து நின்று ஊதுகிற பையனின் கொம்பில் ஒரு ஸ்வரம் பிசிறினால் அவனை மன்னிக்கிறோம். அவன் பக்கத்திலேயே ஒரு பெண் வாயை மட்டும் அசைத்தால், அவனுடைய உழைப்பின் மேலும் சந்தேகம் விழும்.

இன்னொன்று, பித்தளை வெயிலில் சுருதி ஏறும், ராத்திரி குளிர்ந்தால் இறங்கும். உயிருள்ள குரல் அதைக் கேட்டு மயிரிழை நகர்ந்து போய்ச் சேர்ந்துகொள்ளும். பதிவு நகராது.

பதிவே கூடாது என்று சொல்லும் கட்சி இல்லை நான். பழைய வானொலிச் செய்தி, ஒரு தலைவரின் பேச்சுத் துண்டு, பின்னணியில் முணுமுணுப்பாக வரும் குரல்கள், இவற்றையெல்லாம் கீபோர்டிலிருந்து விடட்டும், எதிரே நின்று அதைப் பாடுவதாக யாரும் நடிப்பதில்லையே. அதேபோல நேரடி என்பதாலேயே எல்லாம் இனித்துவிடாது. கேடட்ஸ் குழு 2006லிருந்து மூன்று வருஷம் உறுப்பினர்களையே மைக்கில் பேசவைத்தது, பேச்சு அதிகம், இசையைக் கேட்க விடுவதில்லை என்று ரசிகர்கள் பலர் கசந்துபோனார்கள். ஆனால் 2008இல் புளூமிங்டனில் நடந்த இறுதிப்போட்டியில் ஃபேண்டம் ரெஜிமென்ட் என்ற கோர் செய்ததைப் பாருங்கள். ரோமை எதிர்த்துக் கிளம்பிய அடிமை ஸ்பார்டகஸின் கதை. "நான்தான் ஸ்பார்டகஸ்" என்று மைதானத்தில் ஒவ்வொருவராகக் கத்த, அரங்கத்தில் இருந்த ஜனமும் சேர்ந்து கத்தியது. அன்று அவர்கள் ஜெயித்தது 0.025 மதிப்பெண்ணில். அதற்குக் கத்தல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஸ்பீக்கரில் ஓடும் ஒரு பதிவுக்கு எந்த ஜனமும் அப்படிப் பதில் கத்தாது.

நீங்கள் கூப்பிட வேண்டாம். 19 வயது, அவளே பேசட்டும். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காமல் நேராக வேலையைப் பேசச் சொல்லுங்கள். அந்தப் பாட்டின்போது தன்னை முன்கோட்டுக்குப் பக்கத்தில், மரிம்பாக்காரர்களை ஒட்டி நிறுத்த முடியுமா என்று கேட்கட்டும், தாமதம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பாடுவதற்கு முன் ஒரு 16 எண்ணிக்கைக்கு ஓட்டமும் கொடி வீச்சும் குறைந்தால் மூச்சு நிலைக்கு வரும். சுருதி அரைப்படி இறங்க முடியாது என்றால் பாட்டின் உச்ச ஸ்வரத்தையாவது மாற்றித் தர முடியுமா என்றும் கேட்கலாம். பதிவு இருக்கட்டும், தொண்டை ஒரேயடியாகக் கட்டிப்போன நாளுக்கு மட்டும் என்று பேசி முடிக்கலாம், ஆனால் அந்த நாளில் அவள் வாயசைத்து நிற்காமல் கொடியோடு ஓடட்டும். இந்த வருஷ விதிப்புத்தகத்தில் பதிவுக் குரலைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதையும் பேசப் போகும் முன் அவளே ஒருமுறை படித்துவிட்டால் நல்லது, இவர்கள் விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள்.

இவ்வளவுக்கும் அவர்கள் மாட்டேன் என்றால், கோரை விட்டு வரவேண்டியதில்லை. "வாயசைக்க மாட்டேன், கொடி மட்டும் சுழற்றுகிறேன்" என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது, அப்படிச் சொன்னால் நீங்கள் அவள் பின்னால் நில்லுங்கள்.

அப்புறம், இறுதிப்போட்டிக்குப் போவதாக இருந்தால் ஆசையில் முன்வரிசை டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மேலே, மைதானத்தின் நடுவில் இருக்கும் ஐம்பது கஜக் கோட்டுக்கு நேராக உட்காருங்கள், அங்கேதான் குரலும் கொம்பும் சரியான அளவில் கலந்து கேட்கும்.