நஞ்சுக்கொடி படிக்க ஆசைப்படும் பெண்ணின் அம்மாவுக்கு

அக்கா,

வியாழக்கிழமை நீங்கள் பேச்சை முடிக்கவே இல்லை. பென்னாகரம் பஸ் கிளம்பிவிடும் என்று எழுந்துவிட்டீர்கள். கதவருகே நின்று கேட்டது மட்டும் என் காதிலேயே இருக்கிறது: "நஞ்சுக்கொடியைப் போய் யாராவது படிப்பாங்களா? பி.எட். முடிச்சா டீச்சர் வேலை. இதைப் படிச்சா என்ன வேலைன்னு ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?" பக்கத்தில் உங்கள் சின்ன மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம், அவளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் ஊருக்கான பதில். மாடு கன்று போட்டதும் நஞ்சு விழுந்ததா என்று எத்தனை தடவை போய்ப் பார்ப்பீர்கள்? விழுந்ததை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தால்தான் வீட்டுக்காரருக்கு நிம்மதி. சீம்பால் உடனே குடிக்காத கன்று தேறாது என்பதும் உங்களுக்குத் தெரியும். காரணம் அந்த நஞ்சில்தான் இருக்கிறது. மாட்டின் நஞ்சு, தாயின் நோய் எதிர்ப்புப் பொருளைக் கருவுக்குள் விடாது. கன்று அதைச் சீம்பாலில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதரின் நஞ்சுக்கொடி வேறு மாதிரி. தாயின் ரத்தம் அதை நேராகவே நனைக்கிறது, எதிர்ப்புப் பொருளில் ஒரு வகை வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கர்ப்பத்தில் அம்மாவுக்குப் போடும் ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி பிறக்கப்போகும் பிள்ளையையும் காப்பது இதனால்தான். சுமார் அரைக் கிலோ எடை, ஒன்பது மாத ஆயுள். அதற்குள் பிள்ளைக்கு மூச்சு, சாப்பாடு, கழிவு எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. பிரசவம் முடிந்ததும் புதைத்துவிடுகிறோம், அவ்வளவுதான் அதற்கு நாம் கொடுக்கும் மரியாதை.

பெரியவள் விஷயத்தை நீங்கள் சொல்லவில்லை, சின்னவள்தான் சொன்னாள். ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்து குறைமாதப் பிள்ளையை எடுத்த கதை. அன்று டாக்டர் "பிள்ளையை எடுத்தால்தான் பிரஷர் இறங்கும்" என்றாராம். ஏன் என்ற கேள்வி அவளை அப்போதே பிடித்துக்கொண்டது. பள்ளியில் படித்த எந்தப் பாடமும் அதற்குப் பதில் சொல்லவில்லை என்றாள்.

பதில் ஓரளவு தெரிந்ததுதான். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் தாயின் கருப்பை ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அது சரியாக நடக்காதபோது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகிறது. அப்போது அது தாயின் ரத்தத்தில் சில பொருட்களைக் கொட்டுகிறது, அவை தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. பிள்ளையோடு நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் அது நிற்கும். அதில் முக்கியமான ஒரு புரதத்தை 2003இல் அமெரிக்காவில் அடையாளம் காட்டிய குழுவை நடத்தியவர் அனந்த் கருமஞ்சி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். அந்தப் புரதத்தை அளந்து ஆபத்தைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2023இல் அனுமதி கொடுத்தது. கண்டுபிடித்ததிலிருந்து இருபது வருடம். உங்கள் மகள் இறங்கப்போகும் தொழிலின் வேகம் இதுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். நஞ்சுக்கொடி என்று பெயர் போட்ட எம்.எஸ்சி.யைத் தேடி அலைய வேண்டாம். சில வருடம் முன்பு பெயரைப் பார்த்து நானே ஒரு தப்பு செய்தேன். கவர்ச்சியான தலைப்போடு ஒரு தனியார் கல்லூரி நடத்திய கோர்ஸில் ஒரு பையனைச் சேர்க்கச் சொன்னேன். உள்ளே போனால் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பைத் தவிர ஒன்றுமில்லை. அந்தப் பையனின் அப்பா இன்றும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விலங்கியல், பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி என்று பழைய பெயரிலேயே நல்ல இடத்தில் எம்.எஸ்சி. படிக்கட்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் வீட்டுக்குப் பக்கம். இவள் ஆசைக்கு இன்னும் பொருந்துவது தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம், அங்கே ஹார்மோன்களுக்கென்றே எண்டோகிரைனாலஜி துறை இருக்கிறது. நுழைவுத்தேர்வு என்றால், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி., ஐ.ஐ.டி.களுக்கு ஜாம். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கிலேயே வந்துவிடும், நம் பிள்ளைகள் அதைத்தான் தவற விடுகிறார்கள்.

நஞ்சுக்கொடி வருவது அப்புறம், பிஎச்.டி.யில். அங்கே கல்லூரிப் பெயரைவிட யாரிடம் சேருகிறாள் என்பதுதான் கணக்கு. மும்பை பரேலில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஒன்று 2015 முதல் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து, குறைப்பிரசவம் ஏன் நடக்கிறது என்று ஆராய்கிறது. கர்ப்பிணி என்ற சொல்லையே 'கர்ப்-இனி' என்று அந்த ஆய்வுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தத் தகவல்களை வைத்து, நம் நாட்டுப் பெண்களுக்குப் பொருந்துகிற மாதிரி கருவின் வயதைக் கணக்கிடும் முறையை சென்னை ஐ.ஐ.டி.யும் அவர்களும் சேர்ந்து 2024இல் வெளியிட்டார்கள். கணக்கு, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையம் தாய்மார்களின் ஊட்டச்சத்தில் பேர்போனது. ஓசூர் தாண்டினால் பெங்களூர்தானே.

ஆராயக் கேள்விக்கும் பஞ்சமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் நம் தருமபுரிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரால் எத்தனை பேருக்குப் பல் பழுப்பேறியது? அந்த ஃபுளோரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். ஒரு லீவில் சித்தேரி, சிட்லிங்கி பக்கம் போய் வரட்டும். சிட்லிங்கியில் 1993இல் இரண்டு டாக்டர்கள் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது, ஊர்ப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கியவர்கள் அவர்கள். பிரசவம் என்றால் என்ன என்று புத்தகத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

பணம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000, வாடகைப்படி தனி. ஐ.சி.எம்.ஆரும் தனியாகத் தேர்வு வைக்கிறது. ஆக, எம்.எஸ்சி.க்குத்தான் உங்கள் கைப்பணம். ஜே.ஆர்.எஃப். வராவிட்டால் ஆராய்ச்சித் திட்டங்களில் சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டே அடுத்த முறை எழுதலாம். வெளிநாட்டு எம்.எஸ்.ஸுக்கு நிலத்தை அடமானம் வைக்கச் சொல்லி ஏஜென்ட் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பிஎச்.டி. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் வரும், ஆனால் அவள் பிரசவம் பார்க்க முடியாது, மருந்து எழுத முடியாது. அதேபோல், "ஆறு மாதத்தில் ஸ்கேன் கோர்ஸ்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் உரிமை தகுதியும் பதிவும் உள்ள மருத்துவருக்குத்தான். கருவின் பாலினத்தைச் சொல்வது 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நம் மாவட்டத்தில் இந்த வழக்குகளில் சிக்கியவர்களைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இவள் கருவைப் பற்றிப் படிக்கிறாள் என்று தெரிந்தாலே உறவுக்காரர்கள் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'ஆன்டீரியர் பிளசன்டா' என்றிருந்தால் பெண்ணா ஆணா என்று கேட்பார்கள். நஞ்சு முன்பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை என்று இப்போதே சொல்லிப் பழகட்டும்.

வேலை ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் இல்லை. தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வை வைத்துக் குறைபாடு கண்டறியும் பரிசோதனைக் கூடங்கள், கருத்தரிப்பு மையங்கள், மரபணு ஆலோசனை என்று இருக்கிறது. கருத்தரிப்பு மையத்தில் கருவை ஆய்வகத்தில் வளர்க்கும் எம்பிரியாலஜிஸ்ட் ஆவதற்குத் தனிப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். ஒன்றும் சரிப்படவில்லையா, விலங்கியல் எம்.எஸ்சி.க்கு மேல் பி.எட். போட்டால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். நீங்கள் கேட்கும் டீச்சர் வேலை எங்கேயும் ஓடிப்போகவில்லை.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருப்பது அதுதான் என்று தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதியில் பெண்களுக்கு பிஎச்.டி. முடிக்க இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும், பிள்ளைப்பேறுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணம் செய்துகொண்டு பிஎச்.டி. முடித்தவர்களை எனக்குத் தெரியும், பாதியில் விட்டவர்களையும் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே பேசி முடித்ததுதான் பெரும்பாலும் வித்தியாசம்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். ஐந்து பருவ மார்க் ஷீட் எடுத்து வரட்டும், இங்கிலீஷ் எப்படி எழுதுகிறாள் என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள். அந்த 37,000 கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுகிறேன்.