ரத்தான விதியும் பத்திரமாக இருக்கட்டும்

கேள்வி: அமெரிக்காவில் குடிவரவுத் துறைக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறதாமே? ரத்தாகிப்போன விதிகளையும் பழைய படிவங்களையும் கட்டிக் காப்பாற்றி என்ன பயன்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருக்கிறது அம்மா. அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை தன் வரலாற்று அலுவலகத்தோடு ஒரு நூலகமும் வைத்திருக்கிறது.

பயன் என்ன என்று கேட்கிறீர்கள். பகத் சிங் தீண்ட் என்ற பஞ்சாபிக்காரர் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். அவர் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே குடியுரிமை கிடையாது என்று 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதோடு விடவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க வழக்குப் போட்டார்கள். இந்தியர்களுக்குக் குடியுரிமை உண்டு என்ற சட்டம் 1946-இல்தான் வந்தது. அப்போதும் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். இதெல்லாம் இன்று செல்லாத விதிகள். ஆனால், எந்த வரியைக் காட்டி அந்தக் குடும்பங்களை நாடற்றவர்களாக்கினார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், எடுத்துக் காட்டக் காகிதம் வேண்டுமே!

நான் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பது வருடம் இருந்தவன். புது உத்தரவு வந்ததும் பழைய சுற்றறிக்கைக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடுவோம். ஒருநாள் ஓர் அம்மாள் வந்தார். கணவரின் ஆறு வருட சர்வீஸைப் பென்ஷனுக்குச் சேர்க்காமல் விட்டது எந்த உத்தரவின்படி என்று கேட்டார். பதிவேட்டில் உத்தரவின் எண் இருந்தது, உத்தரவு இல்லை. மூன்று முறை வந்தார். அப்புறம் வரவில்லை. அவர் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

அமெரிக்கத் துறையோ 2008 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் 1906 முதல் 1956 வரையிலான குடியுரிமைக் கோப்புகளின் நகல் வாங்கலாம். 1940-இல் தொடங்கிய அயல்நாட்டவர் பதிவுப் படிவங்களும் உண்டு. 14 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் பதிய வேண்டியிருந்தது. எந்தக் கப்பலில் வந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும், கைரேகையோடு. தாத்தாவை நேரில் பார்த்திராத ஒரு பேத்திக்கு அந்த ஒரு தாள் போதும்.