லாரிக்கு ஓட்டுநர் கிடைக்காததற்குச் சம்பளம் மட்டும்தான் காரணமா?

"லாரி ஓட்ட ஆள் கிடைப்பதில்லை என்று உரிமையாளர்கள் எல்லோரும் சொல்கிறார்களே, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் வரமாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் போக்கைப் பார்த்தால், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நீங்கள் பணிபுரிகிறீர்கள் என்றும், சொன்ன நாளில் வண்டி வராமல் "டிரைவர் இல்லீங்க" என்ற பதிலைக் கேட்டுச் சலித்திருக்கிறீர்கள் என்றும் எண்ணுகிறேன். நாமக்கல் மாவட்டத்தில் சில லாரிகளை வைத்துத் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. என் தந்தை ஓட்டுநராக இருந்து வண்டி வாங்கியவர். ஆகவே இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சம்பளம் ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. எங்கள் தொழிலில் ஓட்டுநருக்கு நல்ல வருமானம் இருக்கிறது என்று நான் எங்கும் சொன்னதில்லை. ஆனால் சம்பளத்தைக் கூட்டிய பிறகும் ஆட்கள் போவதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்றைக்கு வீடு திரும்புவோம் என்று மனைவி மக்களிடம் சொல்ல முடியாத வேலையாக இது இருப்பதுதான் முதல் காரணம். வெளியில் இருப்பவர்கள் லாரி ஓட்டுநர் என்றாலே இரவும் பகலும் ஓட்டிக்கொண்டே இருப்பவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவருடைய நாட்களைத் தின்பது நிறுத்திவைக்கப்பட்ட வண்டிதான்.

எங்கள் வண்டிகள் ஓடும் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. அங்கே விரத நாட்களில் அதுதான் உணவு. திரும்பும்போது லாத்தூர்ப் பக்கத்திலிருந்து சோயாப் புண்ணாக்கு ஏற்றி வந்தால், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் அரைக்கும் ஆலைகளில் இறக்கலாம். ஓசூர், பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் என்று சாலை நேராகக் கிடக்கிறது. ஓட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை எந்த ஓட்டுநரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். ஆனால் பெருநகரங்களுக்குள் பகலில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால், விடிந்த பிறகு போய்ச் சேர்ந்த வண்டி இரவு வரை ஊருக்கு வெளியே நிற்க வேண்டும். இரவில் உள்ளே போனால் கிடங்கு பூட்டியிருக்கும். காலையில் கிடங்கைத் திறந்து, சுமை இறக்குபவர்கள் வந்து, இறக்கி முடிப்பதற்குள் மறுபடியும் தடை நேரம் வந்துவிடும். அதன்பின் ரிட்டர்ன் லோடு கிடைக்கும் வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டும். இதில் எந்த நேரத்தையும் ஓட்டுநரோ நானோ தீர்மானிப்பதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் இதே கதைதான் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களிடம் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிய ஒருவர் இருந்தார். டீசல் கணக்கிலோ, தார்ப்பாய் கட்டுவதிலோ, பார்ட்டிகளிடம் பேசுவதிலோ ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதர். தம் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார். அதற்கு இடம் விட்டே லோடு பிடித்தோம். முந்தைய நாளே மாவட்டத்துக்குள் வந்தும் சேர்ந்துவிட்டார். தீவன ஆலை வாசலில் வரிசையில் நின்ற வண்டியிலிருந்து புண்ணாக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். ஈரப்பதமும் புரதமும் சோதித்து முடிவு வந்தால்தான் இறக்குவார்கள். தீவனத்தின் தரம் முக்கியம் என்பதால் சோதனையை நான் குறை சொல்லவில்லை. மாலையாகியும் முடிவு வரவில்லை. அதற்குள் சுமை இறக்குபவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வண்டியைப் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. டீசல் திருடுபோகும், வரிசை நகரும்போது ஆள் இல்லையென்றால் பின்னால் தள்ளிவிடுவார்கள். அவருடைய வீடு அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான்.

மறுநாள் அதிகாலையில் நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவரை இருசக்கர வண்டியில் அனுப்பிவைத்தேன். அவர் கோயிலை அடைந்தபோது காதுகுத்து முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்ததாம். வண்டி சரக்கை இறக்கியது அதற்கடுத்த நாள். அவருக்குப் படி என்பது வாடகையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆகவே வாசலில் நின்ற நாட்களுக்கு அவர் கையில் எதுவும் நிற்கவில்லை. ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான தொகை, கேட்டபோது, உள்ளூர் வண்டிக்கெல்லாம் ஹால்டிங் உண்டா என்று ஆலைத் தரப்பில் திருப்பிக் கேட்டார்கள். என் கையிலிருந்து ஒரு தொகை கொடுத்தேன். அது என் கடமை என்பதால் பெருமைக்காகச் சொல்லவில்லை.

சில மாதங்களில் அவர் ஒரு தனியார் பள்ளியில் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டார். எங்கள் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் வரிசையாகப் பேருந்துகளை வைத்திருக்கிறது. எங்களிடம் வந்ததைவிட அங்கே சம்பளம் குறைவு. கூட்டித் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, "பணத்துக்காக இல்லீங்கண்ணா, ஸ்கூல் வண்டின்னா சாயங்காலம் வீட்டுல இருப்பேன்னு பாப்பாகிட்டச் சொல்லலாமுங்க" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய நேரான பதிலும் இதுதான்.

இது உரிமையாளர் தரப்பு வாதம், சட்டப்படி வேலை நேரத்தைப் பின்பற்றியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் சட்டத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களில் 10 மணி நேரம், 54 மணி நேரம் வரை போகலாம் என்றது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும், ஒரு நாள் பணி முடிந்து அடுத்த பணி தொடங்க இடையில் 9 மணி நேரம் வேண்டும் என்றது. நல்ல விதிகள்தாம். ஆனால் அதே சட்டம் வேலை நேரம் எது என்று விளக்கும் இடத்தில், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே வேலை நேரத்தில் சேரும் என்று வைத்தது. நேர அட்டவணைப்படி ஓடும் பேருந்தை மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும். இரண்டு நாட்கள் ஆலை வாசலில் வண்டியைக் காத்துக் கிடக்கும் மனிதரை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. மேலும் அச்சட்டம் 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டிகள் வைத்திருப்பவர்கள் நிறைந்த தொழில் இது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று இதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது; ஆலை வாசலில் எதுவும் மாறவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிச் செல்லும் தேசிய பர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-இல் நீக்கப்பட்டது. ஒருவர் ஓட்ட ஒருவர் உறங்கலாம், ஒருவர் வரிசையில் நிற்க ஒருவர் குளித்துச் சாப்பிட்டு வரலாம் என்றிருந்த வாய்ப்பு அத்துடன் போயிற்று. கிளீனர்கள் அதற்கு முன்பே குறைந்துவிட்டார்கள். இது வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். என் தந்தையின் தலைமுறையில் எந்த ஓட்டுநரும் பயிற்சிப் பள்ளியில் லாரி கற்றவரில்லை. கிளீனராக ஏறி, டயர் தட்டி, கயிறு கட்டி, இரவில் ஆளில்லாச் சாலையில் மூத்த ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்துப் பழகியவர்கள். கிளீனர் இல்லாத வண்டியில் நாளைய ஓட்டுநர் எங்கிருந்து உருவாவார்? விளைநிலத்துக்கு வைத்திருந்த விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு, இப்போது நாற்று எங்கே என்று தொழிலே கேட்கிறது.

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்ததை நான் மனதார வரவேற்கிறேன். ஆயினும் என்ஜின் ஓடினால்தான் அது ஓடும். நிற்கும் வண்டியில் என்ஜினை ஓடவிட்டு டீசல் எரிக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதைவிட முதலில் வேண்டியது, காத்திருக்கும் இடத்தில் நிழலும் கழிப்பறையும் குடிநீரும். இன்றைக்கு ஆலைக்குள் இடமில்லை என்று வெளியே நிறுத்தச் சொல்கிறார்கள். வெளியே நிறுத்தினால் போக்குவரத்துக்கு இடையூறு என்று புகைப்படம் எடுத்து இணையவழி அபராதம் வருகிறது. உள்ளே விடாதவர் யார் என்று அந்தப் புகைப்படம் காட்டுவதில்லை. அபராதத்தை உரிமையாளர்தான் கட்டுகிறோம். நடுரோட்டில் வசவு வாங்குபவர் ஓட்டுநர். இப்படிப்பட்ட வேலையில் இருக்கும் இளைஞனுக்குப் பெண் கொடுக்க எங்கள் பக்கத்தில் தயங்குகிறார்கள் என்றால், அந்தப் பெற்றோரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

பெரிய நிறுவனங்கள் பாதி வழியில் ஓட்டுநரை மாற்றி, வண்டி மேலே போக ஆள் வீடு திரும்பும்படி செய்கின்றன. ஒரே வழியில் நாள்தோறும் இரு திசையிலும் வண்டி ஓடினால்தான் அது கட்டுப்படியாகும். எங்களைப் போன்றவர்களால் முடியாது. எங்களால் முடிந்ததாக, ஹால்டிங் தொகை வந்தால் அதில் பாதி ஓட்டுநருக்கு என்று எழுதியே கொடுத்துவிட்டோம். நாட்கணக்கில் வண்டியை முடக்கும் இடங்களுக்கு வாடகை கூடுதலாகக் கிடைத்தாலும் லோடு எடுப்பதை நிறுத்திவிட்டோம். அதன்பின் வந்த இரண்டு பேர் இன்றும் இருக்கிறார்கள்.

நீங்கள் உண்மையிலேயே சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருப்பவரானால், உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி வாசலுக்கு வந்த நேரத்தையும் இறக்கி முடித்த நேரத்தையும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதுத் தாளிலேயே எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் உள்ளே நுழைந்த நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். வாசலில் நின்ற நேரத்துக்குச் சான்றே இருப்பதில்லை. அந்தச் சான்று கையில் இருந்தால் ஹால்டிங் கேட்க எங்களுக்கும் வழியுண்டு, வண்டியை விரைவில் விட உங்கள் கிடங்குக்கும் காரணமுண்டு.